ஒன்பதாவது துண்டு

“கிறுகுவமா?” என்று கேட்ட பிறகுதான் ஹியூபர்ட் றொசைரோ கயிற்றில் கை வைப்பார். பதில் வர நேரமெடுக்கும். இடப்பக்கமாகக் கிடக்கும் மனைவி றீட்டா கண்ணை மூடித் திறப்பார். பிறகு வாயின் இடது ஓரத்தால் “ஓம்” என்பார். அதன் பின்பே கட்டிலின் மேற்சட்டத்தில் மாட்டிய மரக்கப்பிகள் இரண்டும் உருளும். இடுப்புக்குக் கீழே விரித்த பாய்மரச் சீலை மெல்ல இறுகும். றீட்டா கிறுகி, மறுபக்கம் திரும்புவார். கப்பிகள் கீச்சிடும். அந்தச் சத்தத்துக்கு இருவரும் ஒன்றாக முகம் சுளிப்பார்கள். தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தாயிற்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு எறும்பு கட்டிலுக்கு இறங்கியதுதான் மிச்சம்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, மூன்று வருடமாக இது நடக்கிறது. திருப்பியதும் சீலையை விலக்கி, வாலெலும்பிலும் குதிக்காலிலும் விரலால் அமத்திப் பார்ப்பார். வெளுத்துப் பழையபடி சிவந்தால் நல்லது. சிவப்பு வெளுக்காமல் நின்றால் நாளைக்குக் கொப்புளம், நாளன்றைக்குக் குழி. இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஹியூபர்ட்டின் அக்கா மியூரியல், ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் நோயாளிகளைப் புரட்டி எடுத்தவர். மூன்று வருடத்தில் றீட்டாவின் முதுகில் ஒரு புண் இல்லை. புளியந்தீவில் இதைப் பெரிதாகப் பேச யாரும் இல்லை. புண் வந்திருந்தால் பேசியிருப்பார்கள்.

ஹியூபர்ட்டுக்கு அறுபத்திரண்டு வயது, போத்துக்கீசர் வழிவந்த குடும்பம். மெலிந்த உடம்பு. வாவிக்கரையில் இரண்டு அறை வீடு, முன்புறம் தச்சுப்பட்டறை. கதவு, கதிரை, சவப்பெட்டி எல்லாம் செய்வார். காதில் பென்சில், சட்டைப்பையில் மடக்கு அளவுகோல். சந்தையில் மீன் வாங்கினாலும் அளவுகோலை விரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். “கொஞ்சம் தள்ளி வையுங்க” என்று யாராவது சொன்னால், “கொஞ்சமெண்டா எத்தினை அங்குலம்?” என்று கேட்பார். மாதா கோயிலில் பூசை நேரத்தில் பீடத்தின் இடது மூலை கால் அங்குலம் தாழ்ந்திருப்பது அவருக்குக் கண்ணை உறுத்தும். முழங்காலில் நின்றபடியே தலையைச் சரித்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்தியில் தலை சாய்ந்திருப்பதாகப் பின்னால் வாங்குகளில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இப்படி எதையும் அளக்கிற மனிதர், போன வருடம் ஒன்றை அளக்காமல் விட்டார்.

றீட்டா விழுந்த அன்று, வலது கையும் காலும் வாயும் ஒரே நிமிடத்தில் போயிருந்தன. மூச்சு மட்டும் குறட்டையாக வந்துகொண்டிருந்தது. அப்போது ஹியூபர்ட்டின் வாயில் வந்த பெயர் பண்டேல் மாதா. வங்காளத்தில் கல்கத்தாவுக்கு மேலே, ஆற்றங்கரையில் இருக்கிற பழைய போத்துக்கீசக் கோயில். அவருடைய தகப்பன் அரிசி ஏற்றப் போகும் பாய்க்கப்பலில் தச்சனாக இருந்தவர். ஒருமுறை புயலில் தப்பி, அங்கே போய் நேர்த்தி செலுத்திவிட்டு வந்து சாகும்வரை அந்தக் கதையையே சொன்னார். றீட்டா பிழைத்தால் அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொண்டு வருவேன் என்று ஹியூபர்ட் நேர்ந்தார். பிழைத்தால் என்றுதான் சொன்னார், எழும்பி நடந்தால் என்று சொல்லவில்லை. றீட்டா பிழைத்தார். ஆனால் இரண்டு வருடம் கழித்து மெழுகு காய்ச்சும்போது, மனதில் அந்த இன்னொரு சொல்லும் சேர்ந்துகொண்டது.

வாகரைப் பக்கம் தேன் எடுப்பவர்களிடம் மெழுகு வாங்கினார். அளவெடுக்கப் போனபோது றீட்டா விடவில்லை. சவப்பெட்டி செய்கிற ஆள் அளவுகோலோடு கட்டிலுக்கு வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? நல்ல கையால் அளவுகோலைத் தட்டிவிட்டு “போ” என்றார். அது அவருக்கு மிஞ்சிய நாலைந்து சொற்களில் ஒன்று. காரணத்தைச் சொல்லிக் கெஞ்சிய பிறகே சம்மதித்தார். முழங்கால் மடங்கிக் கிடந்ததால் குதியிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து உச்சி என்று மூன்றாக அளந்து கூட்டினார். ஐம்பத்தெட்டு அங்குலம். பலகையில் நீளமாகக் காடிப் பள்ளம் வெட்டி, நடுவே திரியை இழுத்துக் கட்டி, மெழுகை ஊற்றி எடுத்தார். மணிக்கட்டுத் தடிப்பு. பிறகு அதற்கு ஒரு நீளப்பெட்டி.

காத்தான்குடியிலிருந்து மரம் கொண்டு வந்த ஆதம்பாவா அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்ன மச்சான், மலைப்பாம்புக்கா பெட்டி அடிக்கிறாய்?”

விவரம் கேட்டபின், இங்கே மாதா இல்லையா, இதற்கு வங்காளம் வரைக்கும் போக வேண்டுமா என்று கேட்டார்.

“இஞ்சத்த மாதாட்ட என்ட பேர் கெட்டுப்போச்சு, மச்சான். கோயிலுக்குக் குந்த வாங்கு செஞ்சு தாறனெண்டு ரெண்டு வருசமா இழுத்துட்டன்.”

மியூரியல் வந்து றீட்டாவைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய மகளுக்குக் கொழும்பில் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்தது. “பதினஞ்சாந் திகதி விடிய நான் றெயில் ஏறிருவன், தம்பி. நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி” என்றார். சொன்னால் சொன்னபடி செய்கிற மனுசி. அயலில் உள்ளவர்கள் கஞ்சி பருக்குவார்கள். திருப்பவும், கழுவவும், அமத்திப் பார்க்கவும் யாருக்கும் தெரியாது. ஆகவே முதலாம் திகதி புறப்பட்டுப் பதினான்காம் திகதி இரவுக்குள் வீட்டில் நிற்க வேண்டும். போக ஆறு நாள், வர ஆறு நாள், பண்டேலில் ஒரு பகலும் ஒரு இரவும்.

மாகோவில் ரயில் மாறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, சென்னையில் காத்துக் கிடந்து, ஹவுராவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. உள்ளே துவக்கு என்று ஒருவர் சந்தேகப்பட்டார், குழந்தைப் பிணம் என்று ஒருவர். ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானாக விழிப்பு வந்தது. கை கயிற்றைத் தேடி எழும்பும். பிறகு, இப்போது அக்கா திருப்பியிருப்பா என்று நினைத்துக் கையை மடக்கிக்கொள்வார். ஆறு நாள் காலைத் தொங்கவிட்டு இருந்ததில் இரண்டு பாதமும் வீங்கிச் சப்பாத்துக்குள் போக மறுத்தன. வெறுங்காலோடு நடந்து போனார். கோயில் வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள்; பெரிய நேர்த்திக்காரர் என்று நினைத்திருக்க வேண்டும்.

பண்டேலைப் பற்றிக் கேட்டால் ஹியூபர்ட் கோயிலில் தொடங்க மாட்டார், ஆற்றில்தான் தொடங்குவார். “அது நம்மட வாவி மாதிரிச் சும்மா கிடக்கிற தண்ணியில்ல. காலையில கீழ போகுது, மத்தியானம் மேல வருது. வைக்கோல் ஏத்தின தோணியெல்லாம் அதோட போய் அதோடயே வருது.” அக்கரையில் சணல் ஆலைகளின் புகைபோக்கிகள். ஹவுராவிலிருந்து வரும் வழியில் டேனிஷ்காரர் இருந்த ஊர், பிரெஞ்சுக்காரர் இருக்கிற ஊர், ஒல்லாந்தர் இருந்த ஊர், கடைசியில் போத்துக்கீசர் இருந்த ஊர். “நம்மட மூத்தவங்க எல்லாரும் ஒரே ஆத்தங்கரையில வரிசையாக் குந்தியிருந்திருக்காங்க” என்பார். அங்கே தன் ஆட்கள் இருப்பார்கள் என்று நம்பிப் போனவர் அவர். வீட்டில் பேசும் போத்துக்கீசத்தில் கோயில் காவற்காரக் கிழவரிடம் வணக்கம் சொன்னார். கிழவர் வங்காள மொழியில் பதில் சொன்னார். இருவரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டார்கள். முற்றத்தில் நின்ற பழைய கப்பல் பாய்மரத்தில் மட்டும் ஹியூபர்ட் வெகுநேரம் உள்ளங்கையை வைத்திருந்தார். அது யாரோ ஒரு கப்பல்காரன் புயலில் தப்பி வந்து கொடுத்தது.

காலை எட்டு மணிக்கு மெழுகுதிரியைப் பற்றவைத்தார். அதை அங்கே விட்டுவிட்டுப் போகலாம், நாங்கள் நாளும் கொளுத்தி முடித்துவிடுவோம் என்று பாதிரியார் ஆங்கிலத்தில் அன்பாகச் சொன்னார். அந்த ஊர் வழக்கம் அதுதான். ஆனால் ஹியூபர்ட்டின் வீட்டு வழக்கம் வேறு. கொண்டு போனவர் திரி எரிந்து தீரும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். நடுவில் போனால் நேர்த்தி பாதி.

நின்றார். இமாம்பாறா என்கிற முஸ்லிம் மண்டபத்தின் மணிக்கூண்டு தூரத்தில் ஒன்பது அடித்தது, பத்து அடித்தது. பன்னிரண்டு அடித்தபோது அளவுகோலை எடுத்து விரித்தார். நாலு மணித்தியாலத்தில் நாலு அங்குலம். இன்னும் ஐம்பத்துநாலு. இருட்டினால் கோயில் பூட்டிவிடுவார்கள். விடிந்தால் அவருக்கு ரயில். நீளத்தை மூன்றாகப் பிரித்து அளந்தவர், அந்த நீளம் எரிந்து முடிய எவ்வளவு நேரம் வேண்டும் என்று ஊரில் இருக்கும்போது ஒரு கணமும் யோசிக்கவில்லை. அங்கே எல்லாரும் சாண் நீள மெழுகுதிரிதான் கொளுத்துவார்கள்.

மெழுகுதிரியை அணைத்து வைத்துவிட்டு வெளியே போய்ப் படித்துறையில் குந்தினார். நின்றால் ஐந்தாறு நாள் ஆகும். அக்கா பதினைந்தாம் திகதி போய்விடுவா. போனால் நேர்த்தி பாதி. வீங்கிய காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இருந்தபோது, இதுவரை கீழே போன ஆறு நின்று, மெல்லத் திரும்பி, மேலே வரத் தொடங்கியதைப் பார்த்தார். அதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தோன்றியது படியேறும்போதுதான்.

பெட்டிக்குள் சின்னக் கைவாள் இருந்தது. தச்சன் அது இல்லாமல் வெளியூர் போக மாட்டான். மெழுகுதிரியை முற்றத்துக்குக் கொண்டு வந்து, படியில் கிடத்தி, ஆறு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டார். காவற்காரக் கிழவர் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். ஹியூபர்ட் அறுத்தார். ஒன்பது துண்டு. ஒன்பதையும் வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் கொளுத்தினால் ஆறு மணித்தியாலம். இருட்டும் நேரத்துக்கு முடிந்துவிடும். கணக்கு சரி. றீட்டாவின் முழங்கால் அளவு வந்த இடத்தில் மட்டும் வாளை எடுத்து, ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

எட்டுத் துண்டும் நன்றாக எரிந்தன. ஒன்பதாவது அரை அங்குலம் எரிந்து அணைந்தது. மறுபடி கொளுத்தினார், அணைந்தது. கத்தியால் குடைந்து பார்த்தார். உள்ளே திரி இல்லை. மெழுகு ஊற்றும்போது அடிமுடிச்சு நழுவித் திரி மேலே ஏறியிருந்தது. துளையிட்டுத் திரி செருகத் தெரியும். துளைக்கிற ஊசி பட்டறையில் கிடந்தது. மற்ற எட்டும் கரைந்து முடிந்து கதவு மூடும் நேரம் வந்ததும், கிழவர் அந்தத் துண்டைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். அது கால்மாட்டுத் துண்டு.

பதினான்காம் திகதி மாலை வீட்டுக்குள் வந்து, முகம் கழுவாமல் முதலில் கட்டிலடிக்குப் போய், சீலையை விலக்கி அமத்திப் பார்த்தார். வெளுத்துச் சிவந்தது. மியூரியல் பெட்டியைக் கட்டிக்கொண்டே, “நான் பாத்தது நம்பிக்கையில்லையோ?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம், கேட்டவர்களுக்கெல்லாம் மெழுகுதிரி முழுக்க எரிந்தது என்றே சொல்லி வந்தார். றீட்டா எழும்பினாவா என்று கேட்டால், “இருக்கிறா” என்பார். துண்டு அவருடைய தச்சு ஆயுதப்பெட்டியின் அடித்தட்டில், துணியோடு கிடந்தது. கதவு செய்யக் கேட்டு வந்தவர்கள் போனபின் சில நாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். றீட்டாவின் பாதத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

போன புதன்கிழமை பக்கத்து வீட்டு அன்னப்பூரணி கஞ்சி கொண்டு வந்தவர், கட்டிலடியில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். “முழுக்க எரிஞ்சிதுதானே, அண்ணே?”

“ஓம், முழுக்க.”

அன்னப்பூரணி போனபிறகு றீட்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் கூட இருந்த பார்வை. பிறகு “போ” என்றார். பொய் சொல்லாதே என்பதற்கும் அவரிடம் அந்தச் சொல்தான் இருக்கிறது.

ஹியூபர்ட் எழுந்து போய்த் துணியை எடுத்து வந்து அவிழ்த்தார். அறுத்ததையும் ஒன்பது துண்டையும் சொன்னார். அவருக்கு அது நேரமெடுத்தது.

“இது எரியல்ல, றீட்டா. உள்ள திரியில்ல. இது உன்ட காலடி. என்ட பிழை.”

றீட்டா இடது கையை நீட்டி வாங்கினார். மணந்து பார்த்தார். பெருவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். விழும்வரை ஊரில் பாதிப்பேருக்கு உடுப்புத் தைத்தவர் அவர். நூலுக்கு மெழுகு பூசிப் பழகிய விரல். கீறியதைத் தேய்த்து வழுக்கலைப் பார்த்தார். வாயின் இடது ஓரம் மேலே போயிற்று. துண்டைத் தூக்கி மேற்சட்டத்தைக் காட்டினார்.

“கப்... பி.”

ஹியூபர்ட் விளங்காமல் நின்றார். றீட்டா பொறுமை இழந்து மறுபடி சொன்னார். அதற்குள் கோயில் மணி நாலு அடித்தது, திருப்பும் நேரம்.

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கயிற்றைத் தளர்த்திக் கப்பியைக் கழற்றி, அச்சில் மெழுகைத் தேய்த்தார். ஒரு பக்கம், மறுபக்கம், ஓட்டைக்குள்ளும் விரலால். இரண்டாவது கப்பிக்கும் அப்படியே. இறங்கி வந்து கையைச் சாரத்தில் துடைத்தார். மிச்சத் துண்டைத் துணியில் சுற்றவில்லை. கட்டில் சட்டத்தில் எண்ணெய்ப் போத்தல் வைக்கிற இடத்தில், கை எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

“கிறுகுவமா?”