கட்டிப்போட்ட டவரோடு கல்கத்தாவுக்கு

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பேரணாம்பட்டு பஸ் நிலையத்தில் ஆம்பூர் பஸ்ஸுக்காக நின்றேன். 2005ஆம் வருஷம், பக்ரீத் முடிந்த மறுவாரம். தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வாரம்தான் அறுவடை. கல்கத்தாவில் ஆட்டுத் தோல் மலையாகக் குவியும். முந்திக்கொண்டு போகிறவனுக்கு நல்ல தோல், பிந்தியவனுக்குக் கழித்துப் போட்டது. தோல் பதனிடும் எங்கள் டேனரியிலிருந்து வழக்கமாகப் போகிறவருக்கு மஞ்சள் காமாலை. அதனால் முதலாளி பாய் என்னை அனுப்பினார். தோலைத் தொட்டுத் தரம் பிரிக்கிற வேலை எனக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. ஐந்தாவது வரை படித்தவன். புது ஆளிடம் வாய் திறக்க வேண்டுமென்றால் இரண்டு தெரு சுற்றிப் போகிறவன்.

பஸ் நிலையம் வரை என் மகள் எஸ்தர் கூட வந்தாள். குடியாத்தத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளுடைய மாமா, அதாவது என் மனைவியின் அண்ணன் தேவராஜ், பார்த்த இடம். என் மனைவி அண்ணன் சொல்லைத் தாண்ட மாட்டாள். நானும் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை.

"அப்பா, அவங்க கெளம்பினதும் நான் ட்யூட்டிக்குப் போறேன்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்துடுவேன். அஞ்சு மணிக்கு இந்த பூத்துலேர்ந்து உங்களுக்கு போன் போடுவேன். எனக்குப் புடிச்சிருக்கா இல்லியான்னு உங்ககிட்டதான் சொல்வேன்."

"மாமாகிட்டயே சொல்லேம்மா."

"அவரு எங்க கேக்கறாரு? நான் சொல்றத நீங்கதான் அவருகிட்ட சொல்லணும். அன்னிக்கு சாயங்காலமே வாக்கு குடுத்துடுவாரு. போன எடுப்பீங்கல்ல?"

"எடுப்பேன்" என்றேன். பஸ் வந்ததும் கூடவே ஏறி என்னை உட்கார வைத்து, என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் இறங்கினாள்.

அந்தப் பையில் இருந்தது பாய் கொடுத்த செல்போன். ரோமிங் உண்டு, எந்த ஊருக்குப் போனாலும் பேசும், நிறையக் காசு போட்டிருக்கிறேன் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். இந்தப் போனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேரணாம்பட்டுக்கு மேற்கே மலை ஏறினால் ஆந்திரா. அங்கிருக்கிற டவர் எங்கள் ஊர்ப் போன்களைப் பிடித்து இழுக்கும். வாசலில் நின்றால் தமிழ்நாடு, கொல்லைப்புறம் போனால் ஆந்திரா என்று சிரிப்பார்கள். ஆந்திரா பிடித்துவிட்டால் வருகிற போனுக்கும் காசு. அதற்காகக் கடைத்தெருவில் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு 'டவரைக் கட்டிக்' கொடுப்பார்கள். அப்புறம் நம் கம்பெனி டவரைத் தவிர வேறு எதற்கும் போன் அசையாது. என் போனும் அப்படிக் கட்டிய போன்தான்.

ஆம்பூர் இருபது கிலோமீட்டர். அங்கிருந்து ரயில் பிடித்துப் பொழுது சாய்ந்ததும் சென்னை. பெரியமேட்டில் எங்கள் டேனரிக்கு ஒரு சின்ன ஆபீஸ் உண்டு, அங்கேயே படுத்துக்கொண்டேன். போனில் டவர் கோடுகள் இல்லை. நாலு பக்கமும் பழைய கட்டடங்கள், அதனால்தான் என்று நினைத்தேன். அந்த நாளில் போனுக்குச் சென்னை தனி வட்டம், மீதித் தமிழ்நாடு தனி வட்டம் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சென்ட்ரலில் ரயில் புறப்பட்டது. ஹவுராவுக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். எதிர் இருக்கையில் ஜோலார்பேட்டைக்காரர் ஒருவர், பெயர் சம்பத், ரயில்வேயில் ஃபிட்டர். கரக்பூர் ஒர்க் ஷாப்புக்கு ட்ரெயினிங் போகிறார். நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து என் மடியில் இரண்டு இட்லி வைத்தார்.

கூடூர் தாண்டியதும் அவர் போன் 'டிங்' என்றது. எடுத்துக் காட்டினார்.

"பாத்தீங்களாண்ணா, ஆந்திராக்காரன் வணக்கம் சொல்றான். உங்களுக்கு வரலியா?"

"இல்ல."

"இன்னாண்ணா, போன் தூங்குதா? தட்டி எழுப்புங்க."

நானும் சிரித்துவிட்டு அணைத்துப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. ஓடுகிற ரயிலில் டவர் வரும் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்ன ஏது என்று அவரிடமே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. விஜயவாடாவில் கிருஷ்ணா நதிப் பாலத்தில் அவர் போன் மறுபடி சத்தம் போட்டது. ராஜமுந்திரியில் கோதாவரி. அதன் அகலத்தைப் பார்க்கப் பெட்டியே ஜன்னலுக்கு வந்தது. எங்கள் பாலாற்றில் மணலைத்தான் பார்த்திருக்கிறோம். மறுநாள் விடிந்தபோது ஒரிசா. ஈர வயல், குளத்துக்குக் குளம் அல்லிப் பூ, பனி. சம்பத்தின் போனில் கம்பெனிப் பெயர் மாறியது. என் போனில் வெறும் மணி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கரக்பூரில் இறங்கும்போது சம்பத் சொன்னார்: "ஹவுரால எறங்கினதும் அத யார்கிட்டயாவது காட்டிடுங்கண்ணா. வெக்கப்படாதீங்க."

ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு ஹவுரா வந்தது. வெளியே வந்தால் கண் முன்னால் ஆறும் பாலமும். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் இரும்பு அப்படியே அக்கரைக்குத் தாவி நிற்கிறது. கீழே படகுகள், மேலே பஸ், தலைச்சுமை, மாலைக் கட்டுகள். பார்க்க வேண்டிய காட்சிதான். நான் பாதி பார்வையைப் போனில் வைத்துக்கொண்டே பாலத்தைக் கடந்தேன். கோடு ஒன்றுகூட எழவில்லை. பயம் பிடித்தது அப்போதுதான்.

பஸ் ஏறிப் பார்க் சர்க்கஸில் இறங்கி, அங்கிருந்து தோல் கிடங்குகள் இருக்கும் தில்ஜலாவுக்கு நடந்தேன். வழி கேட்கவே வேண்டியதில்லை, வாசனை கூட்டிக்கொண்டு போனது. உப்பு, பச்சைத் தோல், சாக்கடை. கண்ணை மூடிக்கொண்டால் பேரணாம்பட்டு. உஸ்மான் பாயின் கிடங்கில் உப்புப் போட்ட ஆட்டுத் தோல்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. எங்கள் பாய்க்குப் பல வருஷப் பழக்கமான வியாபாரி, ஐம்பது வயதுப் பெருத்த மனிதர். நான் டேனரியில் பழகிய உருதுவில் பேசினேன். அவரும் அங்கிருந்தவர்களும் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"வா சாலமன் பாய். டீ குடி. நாளைக்குப் பிரிக்கலாம். இன்னா முகம் இப்படி?"

ஊரில் இருந்தால் 'ஒன்றுமில்லை' என்றிருப்பேன். மணி மூன்று ஆகப்போகிறது. எஸ்தர் இந்நேரம் புடவை கட்டி உட்கார்ந்திருப்பாள். போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "அஞ்சு மணிக்கு இதுல என் மக பேசணும். இது செத்துக் கெடக்குது" என்றேன்.

"உன் நம்பரைச் சொல்லு" என்று தன் போனில் அடித்து என் காதில் வைத்தார். ஒரு கையில் என் போன், மறு கையில் அவர் போன். என் போன் ஒலிக்கவில்லை. அவர் போனில் ஒரு பெண் குரல், நல்ல தமிழில், நிதானமாக: நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.

கல்கத்தாவில் தோல் கிடங்கின் நடுவில் தமிழ்க் குரல் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உஸ்மான் பாய் வாங்கிக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ இங்க என் டீயைக் குடிக்கிற. இந்தம்மா உன்னை மெட்ராஸ்ல தேடிட்டு இல்லேங்குறா!"

"என் போன்லேருந்து உங்க வீட்டுக்கு போட்டுப் பேசேன்" என்றார் பிறகு. மச்சான் தேவராஜின் செல்லுக்குப் பேசலாம்தான். பேசி என்ன சொல்வது? மகள் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே. மச்சான் பக்கத்தில் இருக்க அவளும் சொல்ல மாட்டாள். அவளுக்கோ என்னுடைய இந்த ஒரு நம்பர்தான் தெரியும். இந்தப் போன்தான் பேச வேண்டும்.

"போன் ரிப்பேர் எங்க?" என்று கேட்டேன். அங்கெல்லாம் ஞாயிறும் கடை உண்டு. முதல் கடையில் கூட்டம். இரண்டாவது கடைக்காரன் பார்த்துவிட்டு, சிம் கெட்டுவிட்டது, வேறு வாங்கு என்றான். வேறு சிம் என்றால் வேறு நம்பர். வேண்டாம் என்று திருப்பி வாங்கினேன். மூன்றாவது கடை டிராம் பாதை ஓரம். பீரோ அகலம்தான் இருக்கும். உள்ளே என் வயதுள்ள ஒரு பெண்மணி, மூக்கில் கண்ணாடி, கையில் கடலைப் பொட்டலம். நாலு பேர் நிற்கையில் நான் முன்னால் போய் நின்றேன். "அக்கா, மொதல்ல இதைப் பாருங்க. என் மக போன் வரணும்" என்றேன். எனக்கே அந்தக் குரல் புதிது.

அந்த அம்மா வாங்கி நாலு பொத்தான் அழுத்தினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இதை யார் கட்டி வெச்சது?"

ஆந்திரா டவர் கதையைச் சொன்னேன். அவர் கடலையை மேஜைமேல் கொட்டினார். ஒரு கடலையை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் வைத்தார்.

"இது நீ. இது இங்க உள்ள டவர். புது ஊருக்குப் போனா உன் போன் அந்த ஊர் டவருக்கு முதல்ல சலாம் சொல்லணும். நான் இன்னார், இன்ன கம்பெனி ஆளுன்னு. இந்த ஊர் கம்பெனி உன் ஊர் கம்பெனியைக் கேக்கும்: இவன் உங்க ஆளா, பேச விடலாமான்னு. அவங்க சரின்னு சொல்லிட்டு, நம்ம ஆள் கல்கத்தாவுல இருக்கான்னு ஞாபகம் வெச்சுக்குவாங்க. உன் மக போடற போன் முதல்ல உன் ஊருக்குத்தான் போகும். அங்கேருந்து இங்க அனுப்புவாங்க. புரியுதா?"

"புரியுது. அவங்களே என்னைத் தேட மாட்டாங்களா?"

"இவ்ளோ பெரிய நாட்டுல உன்னை எங்கேன்னு தேடுவாங்க? நீதான் சொல்லணும். உன் போன் வழியில எந்த டவர்கிட்டயும் வாயே திறக்கல. எவன் கூடவும் பேசாதேன்னு கட்டிப்போட்டு ரயில் ஏத்தியிருக்கீங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார். போன் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. பிறகு நான் அதுவரை பார்க்காத ஒரு பெயர் எழுந்தது, பக்கத்தில் நாலு கோடு. 'டிங்'. கல்கத்தா எனக்கு வணக்கம் சொல்லிவிட்டது. கடை போனிலிருந்து என் நம்பரை அடித்தார். அதே பேரணாம்பட்டு நம்பர், தில்ஜலாவில் மணி அடித்தது. காசு வாங்க மாட்டேன் என்றார். கடலையை மட்டும் எண்ணிப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டார்.

நாலரை மணியிலிருந்து கிடங்கு வாசலில் நின்றேன். ஐந்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒலித்தது.

"அப்பா! நேத்து ரெண்டு வாட்டி போட்டு பாத்தேன், இல்லன்னு சொல்லிச்சு. எங்க போய்ட்டீங்க?"

"இருக்கேன்மா. சொல்லு."

"பையன் நல்லாதான் பேசறாரு. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போவக் கூடாதாம். நைட் ட்யூட்டி பாக்கற பொண்ணு வேணாமாம். நான் வாயத் தெறக்கறதுக்குள்ள மாமா, 'விட்டுடுவா, விட்டுடுவா'ன்னு சொல்லிட்டாருப்பா. நான் விட மாட்டேன்."

"சரிம்மா. நீ ட்யூட்டிக்குப் போ. நான் பேசறேன்."

மச்சானின் நம்பரை அடித்தேன். பின்னால் தோல் அடுக்குகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், சாலமன். எஸ்தர் வேலைய விட மாட்டா. வாக்கு குடுத்துடாதீங்க."

"இன்னா மாப்ள? ஒண்ணும் கேக்கல. அலோ? அலோ?" வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. ஆறாவதோ ஏழாவதோ தடவை எடுத்தார். "எத்தினி வாட்டிய்யா அடிப்ப? நீ எங்கியோ இருந்துக்குனு பேசற. சரி, வா, வந்தப்புறம் பேசிக்கலாம். அதுவரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் சொல்லல, போதுமா?"

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தோல் பிரித்தேன். நல்ல சரக்கு. புதன்கிழமை மதியம் ஹவுராவில் திரும்பும் ரயில் ஏறினேன். இந்தத் தடவை ஜன்னலையும் பார்த்தேன், போனையும் பார்த்தேன். ஒரிசா, ஆந்திரா என்று ஒவ்வொரு எல்லையிலும் பழைய பெயர் மங்கி, கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்து, புதுப் பெயர் வந்தது. அந்த வெறுமையின்போது அது யாரிடமோ தன்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று இப்போது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பேரணாம்பட்டில் இறங்கினால் மச்சான் பஸ் நிலையத்திலேயே நின்றிருந்தார்.

"மாப்பிள்ள பையனோட அப்பா வந்திருக்காரு. டீக்கடைல உக்காந்திருக்காரு. நீ வந்து சும்மா உக்காரு. எப்பவும் போல நான் பேசிக்கறேன்."

"போன்ல சொன்னேனே மச்சான்."

"டவரு சரியில்ல மாப்ள. காதுலயே விழல."

டீக்கடையில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். இதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. மச்சான் வாய் திறக்கும் முன் நான் போய்க் கைகூப்பினேன்.

"வணக்கங்க. நான் எஸ்தரோட அப்பா. எம் பேரு சாலமன். எம் பொண்ணு நர்ஸ் வேலைய விட மாட்டா, நைட் ட்யூட்டியும் பாப்பா. அதுக்கு சம்மதம்னா உக்காந்து பேசலாம். இல்லன்னா வேணாங்க."

மச்சான் என் முழங்கையைப் பிடித்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன். பெரியவர் டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் பேசினார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்கு இன்னொரு பஸ் செலவு கம்மி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ஆம்பூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். மச்சான் ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கல்கத்தாவில் போனுக்கு நாலு கோடு. எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு கோடோ இரண்டோதான், அதிலும் பாதி ஆந்திரா. பெரியவர் வந்துபோன அன்று சாயங்காலம் எஸ்தர் ட்யூட்டிக்குக் கிளம்பும்போது கொல்லைப்புறத்தில் என் பையில் 'டிங்' என்று ஆந்திரா வணக்கம் சொன்னது. மறுபடி டவரைக் கட்டிடலாமா என்று கடைத்தெருக்காரன் பிறகு ஒருநாள் கேட்டான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.