சலங்கை குலுங்கியது மீனுக்காக அல்ல

மார்கழிப் பனிக்குக் கெண்டை நன்றாகக் கடிக்கும் என்று என் கணவரின் நண்பர் சொன்னதால், இரண்டு குடும்பமும் மன்னார்புரத்திலிருந்து ஜீயபுரத்துக்குக் கிளம்பினோம். கணுக்கால் தண்ணீரில் நடந்து, காவிரிக்கு நடுவே இருந்த மணல்திட்டில் படுதா விரித்தோம்.

சாயங்காலம் கரை ரோட்டில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்துக்கொண்டே போனது.

"என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் ஸ்பெஷல் பஸ்ஸா இருக்கும்" என்றார் கணவர். நானும் விட்டுவிட்டேன்.

மீன் கடித்தால் தெரிய வேண்டுமே என்று, மகளின் பழைய சலங்கை மணிகளைத் தூண்டில் கழிகளின் நுனியில் கட்டி, மணலில் ஊன்றியிருந்தோம். எல்லோரும் தூங்கிய பிறகு மூன்று கழிகளும் ஒரே நேரத்தில் குலுங்கின.

"மாட்டிக்கிச்சு!" என்று துள்ளி எழுந்த கணவர் டார்ச் அடித்தார். மீன் இல்லை. கழிகள் பாதி மூழ்கி ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் தூக்குவாளி மிதந்து போனது. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஆட்டோ சொன்னது அதைத்தான்!

பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கைகோத்து, இடுப்பளவுத் தண்ணீரில் கரையேறினோம். ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டிருந்த நண்பரின் மனைவி, "இதுதாங்களா அண்ணே ஸ்பெஷல் பஸ்ஸு?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் தெருவில் ஒலிபெருக்கி கேட்டால் மிக்ஸியை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். பெரும்பாலும் பழைய இரும்பு வாங்குபவர்தான். இருக்கட்டும், முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன்.