மண்கோட்டையில் அத்தான் மறித்த வழி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாகர்கோவிலில் சைக்கிள் கடை, இரும்பும் கிரீசுமாகப் போன வாழ்க்கை, அதில் இதற்கெல்லாம் ஏது இடம்? நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். பகவதி அக்காவைத் தோவாளையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மாப்பிள்ளை தாணு அத்தான், பட்டாளத்தில் சேர்ந்து பர்மா வரை போய்த் திரும்பியவர், வயல் உண்டு தான் உண்டு என்று இருப்பார். ஒரு புரட்டாசியில் நான் அங்கே போயிருந்தபோது அவருடைய உழவுமாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. உழவு தொடங்கிய சமயம், ஒற்றை மாட்டை வைத்து என்ன செய்வது? காலையில் கஞ்சி குடித்த கையோடு இருவரும் தேடக் கிளம்பினோம்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் பழைய மண்கோட்டை உண்டு, மலையிலிருந்து கடல் பக்கம் வரை கணவாயை மறித்துப் போகும். மகாராஜா காலத்தில் கட்டியது, வெள்ளைக்காரக் கம்பெனிப் படை மலையேறி வந்து பிடித்தது என்பார்கள். நான் பார்த்தபோது அது நீளமான ஒரு மண்மேடு, அவ்வளவுதான். மேலே உடைமரங்கள், வெளிப்பக்கம் தூர்ந்துபோன அகழி. அத்தான் மேட்டில் நின்று பார்ப்பது, நான் அகழிக்குள் இறங்கி முள்ளுக்குள் தேடுவது என்று பிரித்துக்கொண்டோம்.

கொஞ்ச தூரம் போயிருப்பேன், காற்று நின்றது. ஆரல்வாய்மொழிக் காற்று தெரிந்தவர்களுக்குப் புரியும், அந்த மாதத்தில் பட்டப்பகலில் அது அப்படி நிற்காது. மாட்டைக் காணோம் என்று சொல்ல மேட்டில் ஏறினேன். பாதி ஏறவில்லை, மேலே நின்ற அத்தான் கைக்கம்பைத் துப்பாக்கி மாதிரி என் நெஞ்சுக்கு நேரே பிடித்தார்.

"நில்லு! யாரு?"

"என்ன அத்தான், நான்தான்."

"யாருன்னு கேட்டேன்!"

"ஆறுமுகம், அத்தான். பகவதிக்க தம்பி."

விளையாடுகிற ஆளே இல்லை அவர். கண் என் மேல்தான் இருந்தது, ஆனால் அதில் நான் இல்லை. கம்பின் நுனி துளிகூட ஆடவில்லை. வெறும் கம்புதான், எனக்குத் தெரியாதா, ஆனாலும் இன்னும் ஒரு அடி வைத்தால் சுட்டுவிடுவார் என்று அந்த நேரம் நிச்சயமாக நம்பினேன். கால் மண்ணில் சறுக்குகிறது, ஓடவும் முடியவில்லை.

அப்போது என் காதுக்குப் பின்னால் ஒரு ஆண்குரல், பதற்றமே இல்லாமல், காவலுக்கு நிற்பவனிடம் அடையாளச் சொல் சொல்வதுபோல, ஒரே ஒரு சொல் சொல்லிற்று. தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. மூச்சு என் பிடரியில் பட்டது, நம்பினால் நம்புங்கள், வெதுவெதுப்பாக இருந்தது. அத்தான் கம்பைத் தாழ்த்தி, ஓரமாக விலகி வழிவிட்டார்.

நான் திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். மேலே கால் வைத்ததும் காற்று வந்து வேட்டியைப் பிடுங்கியது.

"கெடச்சுதா மக்கா?" என்றார் அத்தான், எப்போதும் போல.

"என்னய ஏன் மறிச்சீங்க?"

"ஏலே, நான் எங்க மறிச்சேன்?" என்றவர் எனக்குப் பின்னால் அகழியை எட்டிப் பார்த்தார். "அது கெடக்கட்டு. உனக்க கூட ஏறி வந்த ஆளு எங்க?"

"யாரும் வரலியே அத்தான்."

அவர் அகழியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். மாடு மறுநாள் தானாகவே தொழுவத்துக்கு வந்துவிட்டது.

அதற்கப்புறம் அத்தான் வெகுகாலம் இருந்தார், அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. ஆனால் நான் அவர் வீட்டுக்குத் தனியாகப் போகும்போதெல்லாம், என்னை உள்ளே விட்டபின் கதவை உடனே சாத்தமாட்டார். எனக்குப் பின்னால் இன்னொரு ஆள் நுழைகிற அளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகுதான் சாத்துவார்.