டிபன் பாக்ஸில் சுடுமல்லி

சனிக்கிழமை காலை ஏழரைக்குத் திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்து ஏறினேன். மடியில் இரண்டு டிபன் பாக்ஸ். இரண்டிலும் ஈரத்தாளில் தூவி இரண்டு வாரம் ஊறிய சுடுமல்லி விதை. ஒன்றில் மட்டும், இரண்டு நாளாக, கனிந்த வாழைப்பழமும் கூட. தாவரவியல் பாடம் நடத்துகிறவளின் கட்டுச்சோறு இப்படித்தான் இருக்கும்.

விதை என் கல்லூரித் தோழி ரெஜினாவின் கரும்புத் தோட்டத்தது. ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். சுடுமல்லி பெயரில்தான் மல்லி. கரும்பு வேரில் வாய் வைத்து உறிஞ்சும் களை. மூக்குப்பொடி போன்ற அதன் விதை மண்ணில் வருடக்கணக்கில் தூங்கும். கரும்பு வேர் கசியவிடும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற ஹார்மோன் எட்டினால் விழித்துக்கொள்ளும். இனி இது ஒழியாது என்று அவள் கணவர் சேவியர் நிலத்தைக் குத்தகைக்கு விட முடிவு செய்துவிட்டார். அன்று மாலை குத்தகைக்காரர் வருவதாகப் பேச்சு. ரெஜினா போனில் அழுதாள்.

பருத்தி வேரும் அந்த விதையை எழுப்பும். ஆனால் பருத்தியில் அதனால் ஒட்ட முடியாது, பட்டினியில் சாகும் என்று சொல்லிப் பார்த்தேன். சேவியர் நம்பவில்லை. கண்ணால் காட்டத்தான் இந்தப் பழம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் என்ற வாயுவும் ஒரு ஹார்மோன்தான். அதற்கும் இந்த விதை ஏமாறும்.

விழுப்புரம் வரை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. அதில் என் பக்கத்து இருக்கையில் கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பழ வாசனை வருதே, ஒண்ணு கெடைக்குமா? சர்க்கரை எறங்கிடுச்சி, கையெல்லாம் நடுங்குது."

வேறென்ன செய்ய? உரித்துக் கொடுத்தேன். தோலை மட்டும் திரும்பப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். தோலிலும் கொஞ்சம் எத்திலீன் வரும்.

பாய் தெம்பானதும் கேட்டார்: "இன்னாம்மா, பழத்தைக் குடுத்துட்டு தோலைப் பத்திரம் பண்ணிக்கினு போறே?"

சிரித்தேன். உள்ளுக்குள் பயம்தான். வழியில் திறந்ததில் காரியம் கெட்டிருக்குமோ?

பதினொரு மணிக்கு ரெஜினா வீடு. "வாடி" என்று அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, முன்னால் வைத்தாள். சேவியர் நான் கொடுத்த பூதக்கண்ணாடி வழியாகப் பழம் வைக்காத பெட்டியைப் பார்த்தார்.

"பொடிதான் கீது."

அடுத்ததைத் திறந்தேன். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இன்னா டீச்சர், வெள்ளை வெள்ளையா வாலு மொளைச்சிக்கீது! இதுல கரும்பே இல்லியே?"

"இருக்குதுன்னு நெனைச்சி எழுந்துக்கிச்சு. ஒட்டறதுக்கு வேர் இல்ல. கொஞ்ச நாள்ல செத்துடும்."

"பருத்தி போட்டா நெலத்துலயும் இதே கதிதானா?"

"ஒரேயடியா ஒழியாதுங்க. ஒவ்வொரு போகத்துக்கும் கொறைஞ்சிக்கினே வரும்."

பொய்யாக ஆசை காட்ட எனக்கு மனமில்லை. அவர் பெட்டிக்குள் மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகு குத்தகைக்காரருக்குப் போன் போட்டார்.

"சாயங்காலம் வர வேணாங்க. நெலத்தை நானே வெச்சிக்கிறேன். பருத்தி போடப் போறேன்."

பூதக்கண்ணாடியை ரெஜினாவிடம் நீட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

"கண்ணைத் தொடைச்சிட்டுப் பாரு" என்றார் சேவியர்.