கஞ்சிக் கறை என்று நினைத்தேன்

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே பூவரச மரம். தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு நூலான பாவு முழுவதையும் அதில் இழுத்துக் கட்டித்தான் கஞ்சி தடவிக் காயவைப்போம். அன்று காலைதான் கவனித்தேன், அடிமரமெல்லாம் வட்டவட்டமாகச் சாம்பல் நிறக் கறை. பக்கத்து வீட்டு மல்லிகா கஞ்சியை இறைத்துவிட்டாள் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“மரத்தை இப்படி நாறடிச்சு வச்சிருக்கியே!”

“நான் இன்னும் கஞ்சியே காய்ச்சலக்கா!”

நம்பாமல் ஒரு சொம்புத் தண்ணீரை வீசினேன். கஞ்சியென்றால் கொழகொழவென்று வழிந்திருக்கும். இதுவோ கண்ணெதிரே பச்சையாக மாறியது!

இருவரும் குனிந்து பார்த்தோம். ஓரங்கள் குட்டி இலைகள்போல் நெளிந்திருந்தன. நகத்தால் தூக்கினால் அடிப்பக்கம் கறுப்பு. மல்லிகா உள்ளே ஓடி, சமையலுக்கு வைத்திருந்த கல்பாசியைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தாள். அதிலும் மேலே சாம்பல், கீழே கறுப்பு.

“அக்கா, இது குருமாவுல போடறதுக்குச் சொந்தக்காரிக்கா!”

பிறகு போனில் தேடினாள். “லைக்கனாம். பாசியும் காளானும் ஒண்ணா குடித்தனம் பண்ணிக்கினு இருக்குதாம். சண்டையே போடாம!”

கடைசி வார்த்தைகள் போனில் இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னவை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

இப்போதெல்லாம் பாவு கட்டும்போது, லைக்கன் உரசாதபடி கயிற்றுக்கடியில் பழைய புடவையைச் சுற்றுகிறோம். ஒரு முனையை அவள் பிடிக்கிறாள், மறுமுனையை நான்.