பௌர்ணமியில் வந்த கியூபா

அடி அண்ணாமலையில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் இளஞ்செழியனுக்குக் கியூபா பைத்தியம் பிடித்தது கொரோனா சமயத்தில். அந்நாட்டு மருத்துவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைக் கைபேசியில் பார்த்தார். அப்புறம் புரட்சி, கரும்பு, மேளம் என்று கிடைத்ததையெல்லாம் பார்த்துத் தள்ளினார். பார்த்ததோடு விட்டாரா? புரொஜெக்டர் வாங்கி, கிரிவலப் பாதையில் இருக்கும் தன் வீட்டுக் கூடத்திலேயே மாதம் ஒரு ஞாயிறு படம் போட ஆரம்பித்துவிட்டார். ஆங்கிலத்தில் வருவதை உடனுக்குடன் தமிழில் சொல்வதும் அவரேதான்.

பார்க்க வருவது வேங்கிக்காலிலிருந்து இரண்டு நண்பர்கள். சில மாதம் அதுவும் இல்லை.

"இந்த வாட்டியும் ஆளு வரலைன்னா புரொஜெக்டரை வித்துடறேன்" என்று மனைவி கவிநிலாவிடம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே பாவமாக இருந்தது.

அந்த ஞாயிறு பௌர்ணமி. ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். சாமி கும்பிடாத, காலண்டரில் திதி பார்க்காத இவருக்கு மட்டும் தெரியவில்லை. பாதையில் வண்டிகளை விடவில்லை, நண்பர்கள் வர முடியவில்லை. காலி நாற்காலிகளுக்குப் படத்தைப் போட்டார்.

படத்தின் மேளச் சத்தம் கேட்டுக் கிரிவலம் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்னதானமோ என்று சிலர் நுழைந்தார்கள். கால்வலிக்கு இதமாக இருக்கவே உட்கார்ந்துவிட்டார்கள். கூடம் நிறைந்தது. வேடிக்கை பார்க்க நானும் போய் வாசலோரம் நின்றுகொண்டேன். இளஞ்செழியன் படத்தை நிறுத்தி, அமெரிக்காவின் பொருளாதாரத் தடையை விளக்கத் தொடங்கினார்.

"அத அப்பால சொல்லு தம்பி, மோளம் போவட்டும்" என்றார் செங்கத்திலிருந்து வந்திருந்த ராஜம்மாள்.

திரையில், மேளத்துக்கு நடுவே ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. இங்கே ராஜம்மாளுக்கும் வந்துவிட்டது.

"துன்னூறு கொண்டாங்க!" என்று கூட்டம் கத்தியது.

அந்த வீட்டில் ஏது திருநீறு? கவிநிலா சமையலறைக்கு ஓடி, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த பொட்டலத்தை எடுத்துவந்து கணவர் கையில் திணித்தார். திருதிருவென்று முழித்தவர், வேறு வழியில்லாமல் ராஜம்மாள் நெற்றியில் பூசிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் ராஜம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு தம்பி. நம்மள மாதிரியே சாமியாடுற சனங்களா இருக்குதே, அதுங்களுக்குச் சாமான் போவாம எதுக்குத் தடுக்கறாங்க?"

இளஞ்செழியன் சொன்னார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

"அநியாயமா இருக்குதே" என்றார் ராஜம்மாள். "மீதிய எப்ப போடுவ? நான் மாசாமாசம் வர்றவதான்."

இளஞ்செழியன் மனைவி பக்கம் திரும்பினார்.

"கவி, அடுத்த பௌர்ணமி என்னிக்கு வருது?"