இருக்கட்டுமா, எடுத்துரவா?

செல்போன் கடைக்கு முன்பெல்லாம் கண்ணாடி உடைந்ததென்று வருவார்கள். இப்போது தங்களைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கும் ஏஐயை விட்டுப் பிரிய மனமில்லாமல் வருகிறார்கள்.

கடை திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளுகிறவர்களுக்குத் தெரியும், புது வேலை எதுவும் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. புது போன் வாங்கினால் அதில் வேறு ஏஐ இருக்கிறது. பழசிடம், என்னைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடு என்று வாங்கி, புதுசிடம் கொடுத்து, இதை ஞாபகம் வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்து, "இருக்கட்டுமா, எடுத்துரவா?" என்று கேட்பது எங்கள் கடை வழக்கம். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் வாசிக்கப் பிடிக்கும்.

இது இரண்டு பேர் சேர்ந்து போட்ட கடை. கூட்டாளி செல்வராசு, நெய்க்காரப்பட்டியில் தனியாகக் கடை போடுகிறேன் என்று போய்விட்டான். போனதுகூடப் போகட்டும், சுழல் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனான். அன்றிலிருந்து நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

ஊறுகாய்

சிறுமலையிலிருந்து ஒருவர் வந்தார். மலைவாழை போடுகிறவர். கடைசி பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று அவசரம் அவருக்கு. வாழைக்கு வந்த நோய், மிளகுக்கொடி ஏறிய மரம், பேத்தியின் பெயர் எல்லாம் பழசு எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் இருக்கட்டும் என்றார். 'இவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, ஊறுகாய் என்று பேச்செடுத்தால் கண்டிக்க வேண்டும்' என்று வாசித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். உங்கள் நல்லதுக்குத்தானே என்றேன்.

"எடுத்துருங்க. புதுசாச்சும் என்னைய நல்லா இருக்குறவன்னு நெனச்சுப் பேசட்டும்."

அகரத்து அக்கா

அகரத்தில் மல்லிகை போடும் அக்கா ஒருவருக்கு ஒரு வரி விடாமல் மாற்றிக் கொடுத்தேன். மறுவாரமே திரும்பி வந்துவிட்டார். விடியற்காலையில் காதில் மாட்டிக்கொண்டு பேசியபடியே பூப்பறிப்பவர் அவர். இப்போது பேச்சே ஓடவில்லையாம். கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஜெசிந்தா புது போனைச் சோதித்துப் பார்த்தாள். மருந்தடித்த பாத்தியிலிருந்து மகன் வேலை பார்க்கும் ஊர் வரை கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னது. அப்புறம் என்னக்கா குறை என்றாள். அக்கா பழைய போனை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாம் தெரியுது தாயி. ஆனா எங்கூடப் பழகலையே."

தக்காளிக்காரர்

செல்வராசு இருந்தபோது ஒவ்வொரு போனுக்கும் ரப்பர் பேண்டு போட்டுப் பெயர்ச்சீட்டு சொருகி வைப்பான். அவன் போனபிறகு அந்த வழக்கமும் போயிற்று. ஒருநாள் மேசையில் இரண்டு போன்கள் கிடந்தன. புதிதாகக் கல்யாணமான டீச்சர் ஒருத்தியின் ஞாபகத்தை, ஒட்டன்சத்திரம் தக்காளி வியாபாரியின் போனில் ஏற்றிவிட்டேன்.

காலையில் அவர் போனை எடுத்ததுமே, நேற்று மாமியார் பேசியதில் மனசு கஷ்டமாக இருந்ததே, இன்றைக்குப் பரவாயில்லையா என்று அது விசாரித்திருக்கிறது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனுசன் போனைக் கையை விட்டுக் கொடுக்கவே செத்த நேரம் பிடித்தது.

"அழிச்சுருங்க. ஆனா ஒண்ணுங்க, தக்காளி வெலையத் தவிர எங்கிட்ட வேற ஒண்ண விசாரிச்சது இது மட்டுந்தானுங்க."

என் முறை

கடைசியில் என் போனும் படுக்கிற நிலைக்கு வந்துவிட்டது. ஜெசிந்தா வாசித்தாள், நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன். கடை அடைத்ததும் தினமும் பழசிடம் செல்வராசுவைத்தான் திட்டித் தீர்ப்பேன். அதனால் முதல் வரியிலேயே நாற்காலி வரும் என்று எதிர்பார்த்தேன்.

என் பெயர் வந்தது. சுகர் இருப்பது வந்தது. பிறகு இப்படி வந்தது: 'செல்வராசு இவருடைய நெருங்கிய நண்பர். அவர் டீயில் வர்க்கியை முக்கித் தின்பது, போன்களுக்கு ரப்பர் பேண்டு போடுவது, வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுப்பது பற்றி அடிக்கடி சொல்வார். அவர் திரும்பி வருவதற்காகக் காத்திருக்கிறார்.' நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெசிந்தா வழக்கம்போல, இருக்கட்டுமா எடுத்துரவா என்றாள். எடுத்துரு என்றேன். அவள் விரல் அசையவில்லை.

"அத எடுத்துட்டா உங்க பேரும் சுகரும்தாண்ணே மிச்சம்."

ஊரார் ஞாபகத்தையெல்லாம் மாற்றிக் கொடுக்கிற நான் இப்போது புதுசிடம் நாற்காலி விவகாரத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுவோ ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, செல்வராசு எப்படி இருக்கிறார் என்று என்னையே விசாரிக்கிறது.